கேமில் வசவு, சாதிப் பேச்சு, மிரட்டல்: மைக்கை அடைப்பது முதல் புகார் கொடுப்பது வரை

பிஜிஎம்ஐயோ ஃப்ரீ ஃபயர் மேக்ஸோ, எந்தத் துப்பாக்கிச் சண்டை கேமானாலும் முன்பின் தெரியாத ரேண்டம் ஆட்களோடு ஸ்குவாட் (குழு) போட்டு மைக்கைத் திறந்தால் காதில் என்னென்ன விழும் என்று கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மாவை இழுத்து வசவு. பெண் குரல் கேட்டதும் ஆபாசம். தமிழில் பேசினால் ஒரு கேலி, இந்தி தெரியாது என்றால் இன்னொன்று. எதிரில் பேசுபவனும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி இது: "பண்ருட்டியா? ஊரா, காலனியா?" அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்ல வேண்டியவனுக்கும் தெரியும்.

"கேம்னா அப்படித்தான், கண்டுக்காதே" என்று சொல்லிக் கடந்து போவதால் பேசியவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கேட்டவர்தான் மைக்கை மூடிக்கொள்கிறார், பிறகு கேமையே விடுகிறார். அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. செய்யும் வரிசைதான் முக்கியம். வரிசை மாறினால் ஆதாரம் போய்விடும், சில நேரம் தண்டனை உங்கள் ஐடிக்கே வந்து சேரும்.

முதலில் ஆள் எந்த ரகம் என்று பாருங்கள்

தோற்கிற கடுப்பில் கத்துகிறவன் ஒரு ரகம். "ஏன்டா ரிவைவ் பண்ணல" என்று திட்டுவான், அடுத்த ரவுண்டில் மறந்துவிடுவான். அவனுக்கு மியூட் போதும்.

வம்பிழுப்பவன் வேறு. அவனுக்கு வேண்டியது உங்கள் கோபம். வேண்டுமென்றே வண்டியைக் கவிழ்ப்பான், டீம்மேட் மேலேயே கிரனேட் போடுவான், வாசலை மறித்து நிற்பான். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அன்றைக்கு அவனுக்குத் திருவிழா. இவனிடம் பேச்சே கூடாது. மியூட், ரிப்போர்ட், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஒருவரின் சாதி, மதம், மொழி, நிறம், பாலினம், உடல் குறை இவற்றைக் குறிவைத்துப் பேசுவது. இது கோபமும் இல்லை, கலாய்ப்பும் இல்லை, வெறுப்பு. ஒரே ஒரு முறை சொன்னாலும் ரிப்போர்ட் செய்ய வேண்டியது. ஆதாரமும் எடுக்க வேண்டியது.

நான்காவது கேமை விட்டு வெளியே வருவது. "உன் வீடு தேவனாம்பட்டினத்துல எங்கேன்னு தெரியும்" என்பது, போட்டோ கேட்பது, கொடுத்த போட்டோவை வைத்து மிரட்டுவது, இன்ஸ்டாவில் தேடி வந்து நிற்பது. இதில் கேம் கம்பெனியின் பட்டனோடு நிறுத்தக் கூடாது; காவல்துறை வரை போக வேண்டும்.

மேட்சுக்கு முன்னால்

ஐடியில் உண்மைப் பெயர், ஊர், பள்ளி, பிறந்த ஆண்டு வேண்டாம். பெயரோடு "2010" என்று சேர்த்தால் வயதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. கேம் ஐடியும் இன்ஸ்டா பெயரும் ஒன்றாக இருப்பதுதான் வீடு வரை தேடி வர எளிய வழி. இரண்டையும் வேறாக வையுங்கள்.

ரேண்டம் மேட்சில் ஸ்பீக்கரையும் மைக்கையும் 'டீம்' என்ற நிலையில் வையுங்கள், 'ஆல்' வேண்டாம். சுற்றியிருக்கிற எதிரிகளின் குரலும் கேட்பதால் ஆட்டத்துக்குக் கிடைக்கும் லாபத்தைவிட, வசவு வரும் வாசல் பெரிது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஃபிரண்ட் ரிக்வெஸ்ட், தனி மெசேஜ் இரண்டையும் செட்டிங்ஸில் அடைக்க முடிந்தால் அடையுங்கள். கணினி கேம்களை வாங்கி ஆடும் தளமான ஸ்டீமில் அரட்டைக்கான சொல் வடிகட்டி உண்டு. நீங்களாகவும் அதில் சொற்களைச் சேர்க்கலாம்.

மேட்ச் நடக்கும்போது

வெறும் வசவு என்றால் உடனே மியூட். வேலரண்ட் என்ற கேமில் எஸ்கேப் கீயை அழுத்தி மேட்ச் பக்கத்துக்குப் போனால் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே குரலையும் எழுத்தையும் தனித்தனியாக அடைக்கலாம். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கணினி கேமில் டேப் கீயைப் பிடித்தபடி ரைட் கிளிக் செய்தால் மவுஸ் அம்பு வரும். பெயரைத் தொட்டு மியூட் செய்யலாம். பிஜிஎம்ஐயில் அவசரத்துக்கு மினி மேப் அருகே இருக்கும் ஸ்பீக்கர் ஐகானே போதும். குரலை மட்டும் அடைத்துவிட்டு எழுத்தை விட்டுவிடாதீர்கள். குரல் போகவில்லை என்று தெரிந்ததும் அவன் டைப் அடிக்க ஆரம்பிப்பான்.

பதிலுக்குத் திட்டாதீர்கள். இது நல்லொழுக்கப் பாடம் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்க்கும் இயந்திரமும் ஆளும் அந்த மேட்சின் மொத்தப் பேச்சையும் பார்க்கலாம். நீங்கள் அடித்த ஒரு கெட்ட வார்த்தை உங்களையும் அதே பட்டியலில் சேர்த்துவிடும். எழுத்தில் திருப்பித் திட்டினால் அவனுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க நீங்களே வசதி செய்து கொடுக்கிறீர்கள். வம்பைத் தொடங்கியவனுக்குப் பதில் கடைசியாகத் திட்டியவர் மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

உடன் ஆடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு பெண்ணையோ, சாதியைச் சொல்லி ஒரு பையனையோ பேசும்போது மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மௌனத்தைத் தனக்கு ஆதரவு என்றே பேசியவன் எடுத்துக்கொள்கிறான். நீளமான சண்டை வேண்டாம். "அந்தப் பேச்சு வேணாம் ப்ரோ, கேமை ஆடு" என்று ஒரே வரி, ஒரே முறை. பிறகு அவனை மியூட் செய்துவிட்டு, பேச்சு வாங்கியவரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்: "நீ ரிட்ஜ்ல நில்லு, நான் கவர் தரேன்." அவரைக் குழுவுக்குள் திரும்பக் கொண்டுவருவது அந்த இரண்டாவது வரிதான். மேட்ச் முடிந்ததும் நீங்களும் ரிப்போர்ட் போடுங்கள். திட்டு வாங்கியவர் மட்டுமே போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆதாரம் எடுப்பதில் நடக்கும் தவறு

பெரும்பாலும் சொதப்புகிற இடம் இது, அதனால் விவரமாக.

ஆண்ட்ராய்ட் போனில் ஸ்க்ரீன் ரெக்கார்டரை ஓட விட்டு, பிறகு போட்டுப் பார்த்தால் துப்பாக்கிச் சத்தம் இருக்கும், வசவு இருக்காது. போன் கெட்டுப்போகவில்லை. ஸ்க்ரீன் ரெக்கார்டர் போனுக்குள் இருந்து எடுக்க அனுமதி உள்ளது பாட்டு, வீடியோ, கேம் சத்தத்துக்குத்தான். குரல் உரையாடலை ஆண்ட்ராய்ட் போன் பேச்சு மாதிரித் தனி வகையாக வைத்து, மற்ற ஆப்களுக்குக் கொடுக்காது. சரி, மைக் வழியாக எடுக்கலாம் என்று அதை ஆன் செய்தால், கேம் மைக்கைப் பிடித்திருக்கும்போது ரெக்கார்டருக்குப் பல போன்களில் வெறும் அமைதிதான் கிடைக்கும். ஹெட்செட் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பகமான வழி மிக எளிது. ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் விடுங்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனில் கேமராவைத் திறந்து, திரையும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். பேசுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் குறி மின்னும். அது வீடியோவில் விழ வேண்டும். குரல் மட்டும் இருந்தால் "அது நான் இல்லை" என்று சொல்லிவிடலாம். பெயர் மின்னுவதும் குரலும் ஒன்றாக இருந்தால் அப்படிச் சொல்வது கடினம். 20 முதல் 30 நொடி போதும். உங்கள் போனில் எது வேலை செய்கிறது என்பதை நண்பரோடு ஒரு பயிற்சி மேட்ச் ஆடி இன்றைக்கே பார்த்து வையுங்கள். வசவு விழும் நேரத்தில் செட்டிங்ஸ் தேட முடியாது.

கணினியில் வேலை சுலபம். விண்டோஸ் கேம் பாரில் பின்னணிப் பதிவை முன்கூட்டியே ஆன் செய்து வைத்தால், விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் நடந்து முடிந்த கடைசி 30 நொடி சேமிக்கப்படும். என்விடியா கார்டு இருந்தால் இன்ஸ்டன்ட் ரீப்ளே ஆன் செய்து ஆல்ட், எஃப்10. இரண்டிலும் முன்னால் ஆன் செய்யாமல் விட்டால் எதுவும் கிடைக்காது.

அடுத்து ஐடி எண். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எண் மாறாது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் இரண்டிலும் புரொஃபைலைத் திறந்தால் எண் தெரியும். ஸ்டீமில் 17 இலக்க எண். புரொஃபைலின் ஸ்க்ரீன்ஷாட்டில் அந்த எண் தெரிய வேண்டும். கூட இருந்து கேட்ட மற்ற வீரர்களின் எண்களையும் எடுத்து வையுங்கள். ஏன் என்பது கீழே வரும். தேதி, நேரம், மேப், என்ன சொன்னான் என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். கூச்சப்பட்டு "அசிங்கமாகப் பேசினான்" என்று எழுதினால் புகாரில் அது ஒன்றுக்கும் உதவாது.

எடுத்த கோப்பை வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். மூலக் கோப்பு எடுத்த போனிலேயே இருக்கட்டும். நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) எழுதப்படும். ஒரு நொடி வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

ரிப்போர்ட் அடிக்கும்போது

ரிசல்ட் பக்கத்தை மூடுவதற்கு முன்பே அடியுங்கள். சில கேம்களில் பிறகு அந்தப் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதிப் பேச்சுக்கு 'ஹேக்' என்று போட்டால் அவர்கள் துப்பாக்கிக் குறி சரியா என்றுதான் பார்ப்பார்கள். விவரப் பெட்டி இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த நேரம், எந்தச் சொல், அது ஏன் வசவு. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்ச் சாதி வசவு, மொழி தெரியாதவர் கண்ணுக்கு ஒரு சாதாரணப் பெயராகத் தெரியும். "இது தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் சொல்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தால் ஆள் பார்க்கும்போது புரியும்.

ரிப்போர்ட் முடிந்த பிறகு பிளாக். முதலில் பிளாக் செய்தால் சில இடங்களில் புரொஃபைலும் அரட்டையும் மறைந்துவிடும், எடுக்க நினைத்த ஸ்க்ரீன்ஷாட் கிடைக்காது.

உங்கள் கிளானின் டிஸ்கார்ட்

லாஸ்பேட்டைப் பையன்களும் நெய்வேலிப் பையன்களும் சேர்ந்து ஒரு கிளான் (கேம் குழு) வைத்து, டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் அதற்கு ஒரு சர்வர் நடத்தினால், அங்கே நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. சர்வர் செட்டிங்ஸில் சரிபார்ப்பு நிலையை 'ஹை' என்று வையுங்கள். உள்ளே வந்து 10 நிமிடம் ஆகாதவர் எழுத முடியாது. கும்பலாக வந்து ஆபாசம் கொட்டிவிட்டுப் போகிறவர்களுக்குப் பொறுமை இருக்காது, பாதிப் பேர் அதிலேயே போய்விடுவார்கள்.

ஆட்டோமாட் என்ற தானியங்கி வடிகட்டியில் தமிழுக்கு ஆயத்தப் பட்டியல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், நீங்களே எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ் வசவுக்கு ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. 'த'வை மூன்று விதமாக அடிக்கலாம், நெடிலை இரட்டித்தும் இரட்டிக்காமலும் அடிக்கலாம், 'ட'வுக்கு இரண்டு எழுத்து உண்டு. இந்த மூன்றும் உள்ள ஒரே சொல் 12 வடிவம் எடுக்கும். உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். நடுவில் எண்ணும் புள்ளியும் செருகிய வடிவங்களை அவை வர வரச் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் விகுதி சொல்லின் கடைசியில் ஒட்டும் என்பதால், அந்த இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் பிடிக்கும் நட்சத்திரக் குறியைச் சொல்லுக்குப் பின்னால் மட்டும் போடுங்கள்; வேற்றுமை உருபு ஏறிய பல வடிவங்கள் அதில் அடங்கிவிடும், உருபு ஏறும்போது கடைசி எழுத்தே மாறும் வடிவங்களைத் தனியாகச் சேருங்கள். முன்னாலும் போட்டால் நல்ல சொற்கள் மாட்டும். சிதம்பரம் தீட்சிதர் என்பதை வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதினால் நடுவில் ஓர் ஆங்கில வசவு எழுத்துக்கு எழுத்து வரும். ஹர்ஷிதா, ரக்ஷிதா என்ற பெயர்களிலும் அதே கதி. ஒரு பெண் பிள்ளை தன் பெயரையே எழுத முடியாமல் போனால் வடிகட்டியே வம்பாகிவிடும். சொல்லை மிகக் குட்டையாகவும் வெட்டாதீர்கள். 'பற' என்று மட்டும் எழுதி நட்சத்திரம் போட்டால் பறவை, பறந்து, பறை எல்லாம் அடைபடும்.

சாதிப் பெயர்களை வசவுப் பட்டியலில் கலக்காமல் தனி விதியில் போடுங்கள். அந்த விதிக்கு 'தடு' வேண்டாம், 'மாடரேட்டருக்கு எச்சரிக்கை' மட்டும் போதும். தன் சாதிக்கு நடந்த கொடுமையைப் பற்றி ஒருவர் எழுதினால் அதையும் சேர்த்து அடைப்பது அநியாயம். வசவுப் பட்டியலுக்குத் தடுப்பு, எச்சரிக்கை, டைம்அவுட் மூன்றும் வையுங்கள். டைம்அவுட் 60 நொடி முதல் ஒரு வாரம் வரை கொடுக்கலாம்.

ஆட்டோமாட்டுக்குக் காது கிடையாது. வாய்ஸ் சேனலில் மியூட் செய்யவும், வேறு சேனலுக்கு நகர்த்தவும் அதிகாரமுள்ள இரண்டு பேராவது இரவு நேரத்தில் இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் மற்ற பெண்களுக்குப் புகார் சொல்லக் கூச்சம் குறையும்.

ஒருவரை பேன் செய்யும்போது (சர்வரை விட்டு விலக்கித் தடை செய்யும்போது) "முந்தைய மெசேஜ்களை அழிக்கவா?" என்று டிஸ்கார்ட் கேட்கும். அழித்தால் ஆதாரமும் சேர்ந்து போகும். முதலில் ஸ்க்ரீன்ஷாட், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்து யூசர் ஐடி எண்ணை நகலெடுப்பது, டிஸ்கார்டுக்கு ரிப்போர்ட், அதற்குப் பிறகே அழிப்பு.

காவல்துறைக்குப் போக வேண்டியபோது

மிரட்டல், ஆபாசப் படம், பணம் கேட்டல், விடாமல் பின்தொடர்தல், சாதி சொல்லி இழிவுபடுத்தல் ஆகியவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351, பெண்ணை இணையத்தில் பின்தொடர்வதற்கு 78, பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79, பணம் பறிக்க மிரட்டுவதற்கு 308. ஆபாசப் பதிவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ. குழந்தைகள் சம்பந்தப்பட்டால் 67பி, கூடவே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். 66ஏ பிரிவை யாராவது எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2015லேயே அதை ரத்து செய்துவிட்டது.

பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவரை அந்த வகுப்பைச் சேராத ஒருவர் சாதி சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பேசும். அங்கே 'பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடம்' என்ற நிபந்தனை இருக்கிறது. வாய்ஸ் சேனல் அதில் வருமா என்பது வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. அதனால்தான் வேறு யார் யார் கேட்டார்கள் என்ற ஐடி எண்களை எடுக்கச் சொன்னோம்; புகாரில் அவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். இந்தச் சட்டத்தில் எஃப்ஐஆர் பதிய முன்விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் வரும் ஒரு சிக்கல், எல்லை. மஞ்சக்குப்பத்தில் இருப்பவரைப் பாகூரில் இருப்பவன் மிரட்டுகிறான். நடுவில் சில கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்று தமிழ்நாடு, மற்றது யூனியன் பிரதேசம்; இரண்டும் வேறு வேறு காவல்துறை. "அது பாண்டி கேஸ், அங்கே போங்க" என்று சொன்னால் பணிந்து திரும்பாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி, பிடிவாரண்ட் இல்லாமலே காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். அங்கிருந்து உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றுவார்கள். மின்னணு முறையில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்பிக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம்.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்னில் வீட்டிலிருந்தே பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயர் சொல்லாமலும் பதிய வழி உண்டு. மாநிலம் கேட்கும் இடத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் போடுங்கள். பெயர் கொடுத்துப் பதிந்தால் கிடைக்கும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. உடனடி ஆபத்து என்றால் 112. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உரிமை உண்டு.

தள்ளிப்போடாதீர்கள். இணையத் தளங்கள் நீக்கிய பதிவையும், கணக்கை மூடியவரின் பதிவு விவரத்தையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதி. அதற்குப் பிறகு கேட்டால் இல்லை என்ற பதில் வரலாம்.

படத்தை வைத்து மிரட்டினால்

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான். அரட்டையை அழிக்காதீர்கள், உங்கள் கணக்கையும் அழிக்காதீர்கள். படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே இருக்கும்போது எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்', பெரியவர் என்றால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவைகள் உண்டு. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதன் ஹாஷ் மட்டும் போய், சேவையில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும். இந்த வகைப் படத்தை ஆதாரம் என்று நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். குழந்தையின் படமாக இருந்தால் அனுப்புவதே குற்றம்.

பெற்றோருக்கு

பிள்ளை சொன்னதும் போனைப் பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது. பல வீடுகளில் விஷயம் முற்றிப் போவது இதனால்தான். "யாரு என்னடா சொன்னான்? உன் மேல தப்பு இல்ல. போனை வாங்க மாட்டேன், காட்டு" என்று தொடங்குங்கள். திரையைப் பார்க்கும்போது உங்கள் முகத்தில் கோபம் வந்தால் அது பிள்ளை மேல் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரில் நீங்கள் அந்த ஆளுக்கு மெசேஜ் போடாதீர்கள். எதிரில் இருப்பவன் கணக்கை அழித்துவிட்டு ஓடிவிடுவான்.

தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, போன் சத்தம் கேட்டால் திடுக்கிடுவது இவை இரண்டு வாரம் நீடித்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். தன்னை ஏதாவது செய்துகொள்வேன் என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே கூப்பிடுங்கள், அன்றிரவு தனியாக விடாதீர்கள். குழந்தைகளுக்கான 1098 எந்நேரமும் எடுக்கும். பிள்ளையே நேராகப் பேசலாம் என்பதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.